கட்டற்ற ஸ்டைரீனும் கட்டுண்ட ஸ்டைரீனும்

(திண்டிவனத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



புராணமும் இலக்கியமும் அரசியலும் கேட்டுப் பழகிய செவிகளுக்கு ஓர் இரசாயனத் திரவத்தைப் பற்றிய பிரசங்கம் புதிதாகத்தான் இருக்கும். ஆயினும் நான் இன்று எடுத்துக்கொண்ட விஷயம் அதுதான். அந்தத் திரவத்தின் பெயர் ஸ்டைரீன். அதைத் திரவமாகக் கண்ணால் கண்டவர்கள் இம்மண்டபத்தில் மிகச் சிலரே இருப்பர். அதிலிருந்து பிறந்த பொருள் எதையும் தொடாமல் இன்றைய பொழுதைக் கழித்தவரோ அநேகமாக ஒருவரும் இரார். எப்படி என்கிறீர்களா?

மோட்டார் சைக்கிளில் வந்தவர்கள் மடியில் வைத்திருக்கும் ஹெல்மெட்டைச் சற்றே திருப்பிப் பாருங்கள். வெளியே பளபளக்கும் கெட்டியான ஓடு பெரும்பாலும் ஏ.பி.எஸ். என்னும் பிளாஸ்டிக், அம்மூன்று எழுத்துக்களில் கடைசி எழுத்து ஸ்டைரீனைக் குறிப்பது. உள்ளே துணி மெத்தையை விரலால் விலக்கினால், அதற்கும் ஓட்டுக்கும் நடுவே அழுத்தமான தெர்மாகோல் தெரியும். அதுவோ முழுக்க முழுக்க ஸ்டைரீனிலிருந்தே வந்தது. சென்னையிலிருந்து திருச்சிக்குப் போகும் நெடுஞ்சாலை திண்டிவனம், விழுப்புரம் ஆகிய நம் இரண்டு ஊர்களையும் தொட்டுக்கொண்டு ஓடுகிறது. அதில் நேர்கிற விபத்துக்களை நான் உங்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. வண்டியிலிருந்து விழுந்தவனுடைய தலை தார்ச்சாலையில் மோதும் அந்தக் கணத்தில் ஓடு அடியைப் பரவலாக்குகிறது. தெர்மாகோலோ, தன்னுள் அடைபட்ட எண்ணிறந்த காற்றறைகள் நசுங்க நசுங்க, மூளைக்குப் போக வேண்டிய அதிர்ச்சியைத் தானே வாங்கிக்கொள்கிறது. நசுங்கியது நசுங்கியதுதான், அது மீண்டும் எழும்பாது. ஆகவேதான், ஒரு முறை பலமாக அடிபட்ட ஹெல்மெட்டை, வெளியே ஒரு கீறல்கூட இல்லாவிட்டாலும், மறுபடி அணியலாகாது. 2015-ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதியிலிருந்து, சென்னை உயர் நீதிமன்றத்தின் ஆணையால், ஹெல்மெட் அணிவதை அரசாங்கம் கண்டிப்பாக்கியபோது முணுமுணுத்தவர்கள் பலர். அந்த வெள்ளைப் பொருள் செய்யும் காரியத்தை முன்பே அவர்களுக்கு விளக்கியிருந்தால் முணுமுணுப்பு பாதியாகக் குறைந்திருக்கும் என்பது என் எண்ணம்.

சரி, ஸ்டைரீன் என்பதுதான் என்ன? எட்டுக் கார்பன் அணுக்களும் எட்டு ஹைட்ரஜன் அணுக்களும் சேர்ந்தது அதன் மூலக்கூறு. ஆறு கார்பன்கள் வளையமாக அமைந்திருக்க, மற்ற இரண்டும் அந்த வளையத்திலிருந்து வால்போல் நீண்டிருக்கும். நிறமற்றது, லேசான தித்திப்பு மணம் உடையது, 145 டிகிரி வெப்பத்தில் கொதிப்பது. இவையெல்லாம் எந்தப் பாடப் புத்தகத்திலும் இருக்கும். நான் உங்கள் கவனத்தை வேண்டுவது அந்த இரண்டு கார்பன்களுக்கு நடுவே உள்ள இரட்டைப் பிணைப்பின்மீது. ஸ்டைரீனின் குணம் அங்கே இருக்கிறது. அதன் பிரயோஜனம் அங்கே இருக்கிறது. அதன் அபாயமும் அங்கேயே இருக்கிறது. இரண்டு பிணைப்புக்களில் ஒன்று எளிதில் அவிழும் சுபாவம் உடையது. அவிழ்ந்த மாத்திரத்தில் அது பக்கத்து மூலக்கூறைப் பற்றிக்கொள்ளும். அது அடுத்ததைப் பற்றும். அந்த அடுத்தது அதற்கும் அடுத்ததைப் பற்றும். தேர்த் திருவிழாக் கூட்டத்தில் பிள்ளைகள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு நீண்ட வரிசையாக நகர்வதைப்போல, ஆயிரக்கணக்கான மூலக்கூறுகள் ஒரே சங்கிலியாகிவிடும். அப்போது திரவம் திரவமாக இராது. கெட்டியான பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக் ஆகிவிடும். இப்படிக் கை கோத்துக்கொள்ளும் ஒவ்வொரு தடவையும் சிறிது உஷ்ணம் வெளிப்படும். இந்த ஒரு செய்தியை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள்; பிற்பாடு வேண்டியிருக்கும்.

ஆகவே, ஸ்டைரீன் இரண்டு நிலைகளில் நம்முடன் வாழ்கிறது. ஒன்று கட்டற்ற ஸ்டைரீன்; மற்றொன்று கட்டுண்ட ஸ்டைரீன். முதலாவது, எப்போது கை கோக்கலாம் என்று ஓயாமல் துடித்துக்கொண்டிருப்பது. இரண்டாவது, கோத்த கையை எளிதில் விடாதது. என் பிரசங்கம் முழுவதும் இந்த இரண்டைப் பற்றியதுதான்.

இந்தத் திரவத்தைக் கண்டறிந்த கதை நம் நாட்டு மருந்துக் கடைக்குப் புறம்பானதன்று. நம் வைத்தியர்கள் சிலாரசம் என்று அறிந்திருக்கும் வாசனைப் பிசின், துருக்கி தேசத்து மரம் ஒன்றிலிருந்து வடிவது. 1839-ஆம் ஆண்டு பெர்லின் நகரத்தில் மருந்துக் கடை நடத்திய எட்வர்ட் சைமன் என்பவர் அந்தப் பிசினைக் காய்ச்சி வடித்து, ஓர் எண்ணெய்த் திரவத்தைப் பெற்றார். சில மாதங்கள் வைத்திருந்து பார்க்கையில் அது பாகாக இறுகிப் போயிருந்தது. காற்றிலுள்ள பிராணவாயு கலந்ததால் அப்படி ஆயிற்று என்று அவர் கருதினார். 1845-இல் பிளித், ஹாஃப்மன் என்னும் இருவர், பிராணவாயு இல்லாமலே அது இறுகுவதைக் காட்டி, இறுகுவதற்கு முன்னும் பின்னும் அதில் அடங்கிய பொருள்களின் விகிதம் ஒன்றே என்று நிரூபித்தார்கள். எதுவும் கூடவில்லை, எதுவும் குறையவில்லை. ஆனால் திரவம் திடமாகிவிட்டது. இந்தப் புதிரை முழுவதும் அவிழ்க்க எழுபத்தைந்து ஆண்டுகள் ஆயின. மூலக்கூறுகள் நீண்ட சங்கிலிகளாகப் பிணைகின்றன என்று 1920-இல் ஹெர்மன் ஸ்டாடிங்கர் எழுதினார். அத்தனை பெரிய மூலக்கூறு உலகில் இருக்க முடியாது என்று அக்காலத்து இரசாயன வித்துவான்கள் பலர் அவரை மறுத்தார்கள். அவர் விடவில்லை. 1953-இல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது.

இன்று சிலாரசத்தை நம்பி யாரும் ஸ்டைரீன் செய்வதில்லை. பெட்ரோலியத்திலிருந்து கிடைக்கும் பென்சீனையும் எத்திலீனையும் இணைத்து, அதை நீராவியுடன் சேர்த்து, ஏறக்குறைய 600 டிகிரி வெப்பத்தில் இரும்பு ஆக்சைடின்மீது செலுத்தி ஹைட்ரஜனை நீக்குகிறார்கள். நம் தேசத்துத் தொழிற்சாலைகள் ஸ்டைரீனைக் கப்பல் கப்பலாக அயல்நாடுகளிலிருந்து வரவழைத்தே தொழில் நடத்தி வந்திருக்கின்றன.

ஆனால் மருந்துக் கடைத் திரவம் மாபெரும் தொழிற்சாலைச் சரக்கானது எப்போது? அதில் நம் ஜில்லாவின் சரித்திரமும் கலந்திருக்கிறது. இந்தப் பகுதியெல்லாம் தென்னாற்காடு ஜில்லாவாக இருந்த காலத்தில், பஞ்சத்துக்கும் கடனுக்கும் அஞ்சி, நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலாயாவுக்குப் போனவர்கள் எத்தனையோ குடும்பத்தினர். அங்கே விடியும் முன் எழுந்து, பால்மரம் என்னும் ரப்பர் மரத்தின் பட்டையைச் சாய்வாகச் சீவி, வடியும் பாலைக் கிண்ணத்தில் ஏந்தி, வாளியில் சேர்த்துச் சுமந்து நிறுத்துக் கொடுத்தார்கள். உலகத்து மோட்டார் வண்டிகள் அந்தப் பாலின்மேல்தான் உருண்டன. 1941 டிசம்பரில் ஜப்பானியப் படை மலாயாவில் இறங்கியது. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூரும் வீழ்ந்தது. அந்தத் தோட்டங்களிலிருந்த தமிழர்கள் பல்லாயிரவரைச் சயாம் ரயில் பாதை போட இழுத்துச் சென்று பலிகொடுத்த கொடுமையை இங்கே நினையாமல் மேலே செல்ல என் மனம் ஒப்பவில்லை. மறு பக்கத்தில், ரப்பர் வரத்து நின்றுபோன அமெரிக்கா, டயருக்கும் டாங்கிக்கும் வேறு வழியில்லாமல், பியூட்டடையீன் முக்கால் பங்கும் ஸ்டைரீன் கால் பங்கும் சேர்த்துச் செயற்கை ரப்பர் செய்யத் தொடங்கியது. அதற்காகவே பெரும் பெரும் ஸ்டைரீன் ஆலைகள் எழுந்தன. யுத்தம் முடிந்தது, ஆலைகள் அப்படியே இருந்தன, ஸ்டைரீன் மிஞ்சியது. மிஞ்சிய ஸ்டைரீனுக்கு வேலை தேடியபோதுதான், சீப்பும் பொம்மையும் ரேடியோப் பெட்டியும் குளிர்சாதனப் பெட்டியின் உட்சுவரும் உலகச் சந்தையில் மலிந்தன. கார் டயரின் மேற்பரப்பில் இன்றளவும் அந்த ரப்பர் இருக்கிறது.

கட்டுண்ட ஸ்டைரீனின் உருவங்கள் பல. தனியாகக் கோத்தால் தெளிந்து ஒளி ஊடுருவும். ஆனால் வளைத்தால் படீரென்று முறியும். முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் தட்டையான மூடித் தட்டுகள் இவ்வகையே. கொஞ்சம் ரப்பரைச் சேர்த்தால் முறியாத உறுதி வந்துவிடும். அக்ரிலோநைட்ரைலும் பியூட்டடையீனும் சேர்ந்தால், நாம் ஹெல்மெட்டில் பார்த்த ஏ.பி.எஸ். பிறக்கும். சங்கிலிகளுக்குக் குறுக்கே பிணைப்புப் போட்டுச் சிறு மணிகளாக்கினால், உப்புத் தண்ணீரின் கடுமையை நீக்கும் ரெசின் ஆகும். வீட்டு மாடியில் நிற்கும் நீர் மென்மையாக்கும் உருளைக்குள் இருப்பது அதுதான்.

தெர்மாகோலைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். சர்க்கரைப் பருமனுள்ள பாலிஸ்டைரீன் மணிகளில் பென்டேன் என்னும் எளிதில் ஆவியாகும் திரவத்தைச் செலுத்தி, நீராவியில் காட்டினால், மணி ஒவ்வொன்றும் நாற்பது மடங்குக்குக்கூட ஊதிப் பருக்கிறது. பிறகு அச்சில் கொட்டி மறுபடி நீராவி விட்டால் ஒன்றோடொன்று ஒட்டிப் பலகையாகிறது. அந்தப் பலகையில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பங்கு வெறும் காற்று! அடைபட்ட காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. ஆகவே மரக்காணத்து மீன் ஐஸோடு சென்னைச் சந்தை வரை கெடாமல் போகிறது. ஆனால் இத்தனை லேசான பொருள் காற்றுக்கு நிற்குமா? 2017 ஏப்ரலில், வைகை அணையின் நீர் ஆவியாகிப் போகாமல் காக்க வேண்டுமென்று, தெர்மாகோல் பலகைகளை ஒட்டி நீரின்மேல் பரப்பினார்கள். வறட்சியில் தண்ணீரைக் காக்கும் எண்ணம் நல்ல எண்ணமே. ஆயினும் அடித்த காற்று பலகைகளைக் கரைக்குத் தள்ளிவிட்டது.

அதே லேசுதான், அதே விடாப்பிடிதான், குப்பையான பின் துன்பமாகிறது. உடைந்த மீன்பெட்டி மணி மணியாக உதிர்கிறது. மழை அதை வாய்க்காலில் சேர்க்கிறது. வாய்க்கால் கழுவெளியில் சேர்க்கிறது. 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட அந்த நீர்ப்பரப்பில், வெள்ளை மணிக்கும் இரைக்கும் உள்ள பேதத்தைக் கொக்கும் நாரையும் எவ்வாறு அறியும்? 2019 ஜனவரி முதல் தேதியிலிருந்து தமிழ்நாட்டில் தெர்மாகோல் தட்டும் குவளையும் தடை செய்யப்பட்டன. 2022 ஜூலை முதல் அலங்காரத்துக்கான தெர்மாகோலையும் இந்திய அரசு தடுத்தது. ஐந்து நிமிஷச் சாப்பாட்டுக்கு, பல தலைமுறை நிற்கும் பொருளைச் செலவழிப்பது அநியாயம். ஹெல்மெட்டுக்குள் இருப்பதும் அதுவே, எச்சில் தட்டாய் எறியப்படுவதும் அதுவே என்றால், தடுக்க வேண்டியது எது, போற்ற வேண்டியது எது என்று நமக்குத் தெரியாதா?

இதுவரை பேசியது கட்டுண்ட ஸ்டைரீன். இனி, கட்டற்ற ஸ்டைரீனைப் பார்ப்போம். அதைப் பார்க்க வெகு தூரம் போக வேண்டாம். நம் கடற்கரைக்குப் போனால் போதும்.

2004 டிசம்பர் 26-ஆம் தேதி ஆழிப் பேரலை நம் கரையில் கட்டுமரங்களை விறகாக்கிவிட்டுப் போன பிறகு, அரசாங்கமும் தொண்டு நிறுவனங்களும் பெருமளவில் கொடுத்தவை ஃபைபர் படகுகள். இன்று அனுமந்தைக்குப்பத்திலும் எக்கியார்குப்பத்திலும் பொம்மையார்பாளையத்திலும் மணல்மேல் வரிசையாக நிற்பவை அவைதாம். ஃபைபர் என்று நாம் வாயால் சொன்னாலும், கண்ணாடி இழையைப் படகாக்குவது ரெசின். அந்தப் பாலியஸ்டர் ரெசினில் ஏறக்குறைய 35 முதல் 45 சதவிகிதம் கட்டற்ற ஸ்டைரீன் கலந்திருக்கிறது.

படகு கட்டும் கொட்டகையில் நடப்பதைக் கவனியுங்கள். மோல்டின் உட்புறத்தை மெழுகு போட்டுத் தேய்க்கிறார்கள். முதலில் நிறம் சேர்த்த ஜெல் கோட். அது தொட்டால் ஒட்டும் பதத்துக்கு வந்ததும், வெட்டி வைத்த கண்ணாடி இழை மேட்டை விரிக்கிறார்கள். வாளி ரெசினில் கோபால்ட் சேர்த்துக் கலக்கி, பிறகு நூற்றுக்கு ஒன்று இரண்டு என்ற அளவில் கேட்டலிஸ்ட் ஊற்றிக் கலக்குகிறார்கள். அந்த நிமிஷத்திலிருந்து காலம் அவர்கள் கையில் இல்லை. பிரஷ்ஷால் தோய்த்து, ரோலரால் உருட்டி உருட்டி, இழைகளுக்கு நடுவே சிக்கிய காற்றுக் குமிழ்களை ஓரத்துக்குத் தள்ளி வெளியேற்றுகிறார்கள். வெள்ளையாக இருந்த மேட் நனைந்து தெளிகிறது. வெயில் நாளில் பதினைந்து இருபது நிமிஷத்துக்குள் ரெசின் இறுகத் தொடங்கிவிடும். வாளியைத் தொட்டால் சுடும். அந்தச் சூடு எங்கிருந்து வந்தது? நான் நினைவில் வைக்கச் சொன்ன சூடுதான் அது. ஸ்டைரீன் மூலக்கூறுகள் பாலியஸ்டர் சங்கிலிகளுக்குக் குறுக்கே பாலம் போட்டுக் கட்டுண்டு போகும்போது வெளிவிடும் உஷ்ணம்.

ஆனால் எல்லா ஸ்டைரீனும் கட்டுண்டு போவதில்லை. ஒரு பகுதி ஆவியாய்க் கொட்டகைக்குள் எழுகிறது. மூக்கைத் துளைக்கும் அந்த வாசனை அதுவே. காற்றைவிட மூன்றரை மடங்குக்கும் மேல் கனமான ஆவியாதலால், அது மேலே போகாமல் தாழ்ந்து தங்குகிறது. படகின் வயிற்றுக்குள் குனிந்து ரோலர் உருட்டுகிறவன் முகம் சரியாக அந்த இடத்தில் இருக்கிறது! கண் எரிகிறது, தலை வலிக்கிறது, கிறுகிறுப்பு வருகிறது. அதைப் பழக்கதோஷம் என்று சகித்துக்கொண்டு வேலை செய்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2018-இல் ஸ்டைரீனை, மனிதனுக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று கருத இடமுள்ள பொருள்களின் வரிசையில் வைத்தது. அந்தச் செய்தி, அவ்வமைப்பு இருக்கும் பிரான்ஸ் தேசத்து லியோன் நகரிலிருந்து நம் குப்பங்களுக்கு வந்து சேர்ந்ததா? என் மனத்தை உறுத்தும் கேள்வி இதுதான்.

கட்டற்ற ஸ்டைரீனைக் கவனிப்பாரற்று விட்டால் என்ன ஆகும் என்பதை நம் தேசம் ஒரு முறை பார்த்துவிட்டது. விசாகப்பட்டினத்தில் 1961-இல் ஹிந்துஸ்தான் பாலிமர்ஸ் என்று தொடங்கி, 1997-இல் கொரியாவின் எல்.ஜி. நிறுவனத்தின் கைக்குப் போன பாலிஸ்டைரீன் ஆலை அது. 2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்தது, ஆலை நின்றது. ஆனால் தொட்டியில் 1,800 டன்னுக்கு மேற்பட்ட ஸ்டைரீன் நின்றுகொண்டிருந்தது. ஆலைக்கு விடுமுறை விடலாம். ஸ்டைரீனுக்கு விடுமுறை உண்டா? அதைக் குளிர்ச்சியாக வைத்திருக்க வேண்டும், டி.பி.சி. என்னும் தடுப்பு மருந்தை, மூலக்கூறுகள் கை கோவாதபடி, குறையக் குறையச் சேர்த்துவர வேண்டும். அங்கே வெப்பமானி இருந்தது தொட்டியின் அடியில்; உஷ்ணம் ஏறியது மேலே. தடுப்பு மருந்தும் போதுமான அளவில் இல்லை. சில மூலக்கூறுகள் கோத்துக்கொண்டன, சூடு பிறந்தது, அந்தச் சூட்டில் இன்னும் பல கோத்துக்கொண்டன, இன்னும் சூடு. மே 7-ஆம் தேதி அதிகாலை மூன்று மணி அளவில், ஆர்.ஆர். வெங்கடாபுரம் மக்கள் அயர்ந்து தூங்கும் வேளையில், ஆவி ஊருக்குள் புகுந்தது. அபாயச் சங்கு ஒலிக்கவில்லை. எந்தத் திசையில் ஓடுவது என்று தெரியாமல் ஓடி, ஓடிய வழியிலேயே வீழ்ந்தார்கள். 12 உயிர்கள் போயின. நூற்றுக்கணக்கானோர் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். ஆந்திர அரசு அமைத்த உயர்மட்டக் குழு, இதைத் தவிர்த்திருக்கலாம் என்பதைப் பக்கம் பக்கமாக எடுத்துக் காட்டியது.

ஆலைக்கு வெளியே வாழ்ந்த அந்த ஏழை ஜனங்கள் தொட்டியில் இருப்பது இன்னது என்று அறிந்திருந்தார்களா? நம் படகுக் கொட்டகையில் இருப்பது தொட்டியன்று, சில பீப்பாய்கள்தாம். அங்கு நிகழ்ந்தது இங்கு நிகழும் என்று உங்களை அச்சுறுத்த நான் வரவில்லை. ஆனால் அறியாமை இரண்டிடத்திலும் ஒன்றே. பீப்பாயின்மேல் எச்சரிக்கைகள் இருக்கின்றன. ஆங்கிலத்தில், சிறு எழுத்தில், ரெசின் வழிந்து பாதி மறைந்து இருக்கின்றன.

ஆகையால் ஒரு விண்ணப்பத்தோடு என் உரையை முடிக்கிறேன். திண்டிவனம் திரு ஆ. கோவிந்தசாமி அரசு கலைக் கல்லூரியிலும், விழுப்புரம் அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரியிலும் வேதியியல் பயிலும் மாணவர்கள் ஒரு தாள் எழுத வேண்டும். தமிழில், பெரிய எழுத்தில், ஒரே பக்கம். இந்த ரெசினில் ஸ்டைரீன் இருக்கிறது. 31 டிகிரி வெப்பத்திலேயே, அதாவது நம் ஊரின் சாதாரணப் பகற்பொழுதிலேயே, தீப்பற்றத்தக்க ஆவியை எழுப்பும். ஆகவே பக்கத்தில் பீடி கூடாது, அடுப்பு கூடாது. துணி முகமூடி இந்த ஆவியைத் தடுக்காது. கரி அடைத்த குப்பியுள்ள முகமூடி வேண்டும். கொட்டகையின் கடலோரத் தட்டியை வேலை நேரத்தில் கழற்றிவிட வேண்டும். வாளியில் மிஞ்சிய ரெசினை மூலையில் குவித்து வைத்தால் சூடேறிப் புகையும். மெல்லியதாகப் பரப்பி ஆறவிட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, கோபால்ட்டையும் கேட்டலிஸ்ட்டையும் ஒருபோதும் நேராக ஒன்றோடொன்று கலக்கலாகாது, கலந்தால் வெடிக்கும், ஒன்றை ரெசினில் முழுவதும் கலக்கிய பிறகே மற்றதை ஊற்ற வேண்டும், இரண்டு கேன்களையும் ஒரே அலமாரியில் வைக்கவும் கூடாது. இவ்வளவுதான் எழுத வேண்டியது. அச்சிடும் செலவை இந்த மண்டபத்தில் அமர்ந்திருக்கும் வியாபாரிகள் ஏற்றுக்கொள்வார்கள் என்று நம்புகிறேன். மீன்பிடித் தடைக் காலத்தில் படகு பழுதுபார்க்கும் வேலை மும்முரமாகும். அத்தடைக் காலம் ஏப்ரல் 15-ஆம் தேதி தொடங்குகிறது. அதற்குள் மரக்காணத்திலிருந்து கோட்டக்குப்பம் வரை ஒவ்வொரு கொட்டகையின் தூணிலும் அந்தத் தாள் ஒட்டப்பட்டிருக்க வேண்டும்.